ஊசியின் காது தெரியாமல் போன நாட்கள்

ரவிக்கைக்கு ஊக்கு வைத்துத் தைப்பது எனக்குப் பழகிய வேலை. எட்டாவதோடு பள்ளிக்கூடத்தை நிறுத்திய பிறகு ஸ்ரீவில்லிபுத்தூரில் அம்மாவோடு உட்கார்ந்து அதைத்தான் செய்துகொண்டிருந்தேன். எண்பதுகளின் கடைசியில் கல்யாணமாகி ராஜபாளையம் வந்தபோது அந்த வேலையும் கூடவே வந்தது. தெருமுனைத் தையல் கடையில் ரவிக்கைகளை வாங்கி வந்து, ஊக்கு வைத்து, ஓரம் தைத்து, மறுநாள் கொண்டுபோய்க் கொடுப்பேன். யாரோடும் பேச வேண்டியதில்லை என்பதால் எனக்கு அது பிடித்திருந்தது.

கல்யாணமான மாதமே, ஒரு சாயங்காலம், நூல் கோக்க உட்கார்ந்தால் ஊசியின் காதைக் காணவில்லை.

ஊசி கையில் இருந்தது. காது இருக்க வேண்டிய இடம் கரைந்து போயிருந்தது. கண்ணைக் கசக்கிவிட்டுப் பார்த்தேன். வலது கண்ணை மூடினால் ஊசியின் காது பளிச்சென்று தெரிந்தது. இடது கண்ணை மூடினால் எல்லாம் பால் ஊற்றிய மாதிரி மங்கியது. எழுந்து போய்ச் சுவரில் தொங்கிய கண்ணாடியில் பார்த்தேன். வலது கண்ணின் நடுவில் இருக்கும் பாப்பா, மிளகு அளவு இருக்க வேண்டியது, சின்னச் சுண்டைக்காய் போல விரிந்து கிடந்தது. சாமி விளக்கை எடுத்து முகத்துக்குக் கிட்டக் கொண்டுபோனேன். இடது கண்ணின் பாப்பா வெளிச்சத்துக்குச் சுருங்கியது. வலது அசையவில்லை. வலி கிடையாது, சிவப்பு கிடையாது. யாரோ ஒருத்தி என் முகத்துக்குள் இருந்து என்னையே முறைத்துப் பார்ப்பது போல இருந்தது. விளக்கைக் கீழே வைக்கும்போது எண்ணெய் சிந்திவிட்டது.

அந்த வீட்டில் நாங்கள் மூன்று பேர். மில்லில் வேலை பார்த்த என் வீட்டுக்காரர், அவருடைய அக்கா, நான். அக்காவை மதினி என்று கூப்பிடுவேன். சின்ன வயதிலேயே புருஷனை இழந்து பிறந்த வீட்டுக்குத் திரும்பி வந்தவர். தாய் தகப்பன் போனபின் தம்பியை வளர்த்து ஆளாக்கியது அவர்தான். நாற்பதைத் தாண்டியிருந்தார். அவர் நடந்தால் நடக்கிற சத்தமே கேட்காது. திரும்பிப் பார்த்தால் பின்னால் நிற்பார். சிந்திய எண்ணெயைத் துடைக்கக் குனிந்து நிமிர்ந்தபோதும் அப்படித்தான் நின்றார்.

"என்னட்டி, கண்ணாடிய இம்புட்டு நேரமாப் பாக்க?"

சொன்னேன். தாடையைப் பிடித்து வெளிச்சத்துக்குத் திருப்பினார்.

"எத்தன நாளா இருக்கு?"

"இப்பத்தான் மதினி. மத்தியானம் நல்லாத்தான் இருந்துச்சு."

"மத்தியானம் நல்லா இருந்த கண்ணு பொழுதடையுறதுக்குள்ள எப்படிப் போகும்? உங்கம்மா வீட்டுல இருக்கையில வந்ததுண்டா?"

"இல்ல மதினி."

"உண்மையச் சொல்லு. இனிமே மறைச்சு என்ன, தாலிதான் ஏறிருச்சுல்ல."

கண் போய்விடுமோ என்ற பயத்தோடு இன்னொரு பயமும் அப்போதே ஒட்டிக்கொண்டது. சீக்குப் பிடித்த பெண்ணை மறைத்துக் கட்டிக் கொடுத்துவிட்டார்கள் என்ற பேச்சு ஒருமுறை கிளம்பினால் என்னை ஸ்ரீவில்லிபுத்தூர் பஸ்ஸில் ஏற்றிவிட அதுவே போதும். வீட்டுக்காரர் வேலை முடிந்து வந்ததும் அவரிடம் காட்டினேன். "எனக்கு ரெண்டும் ஒண்ணுபோலத்தான் தெரியுது" என்றார். மனுஷன் சரியாகப் பார்த்தாரா, அக்கா பக்கத்தில் நின்றதால் அப்படிச் சொன்னாரா என்று அன்று எனக்குச் சந்தேகம்.

அன்று பிரதோஷம். அந்த வீட்டில் நான் முதல் தடவையாகச் சாமிக்கு மாலை கட்டிய நாள். எங்கள் அம்மா வீட்டில் பெருமாள். துளசியைத் தவிர வேறு எதையும் கட்டி எனக்குப் பழக்கமில்லை. இங்கே சிவன். பிரதோஷத்துக்கு ஊமத்தம்பூ மாலைதான் போடுவார்கள். மதினி ஓடைக்கரையில் பறித்துவந்து கொட்டிய நீளநீளமான வெள்ளைப் பூக்களை, வலது கை நகத்தால் காம்பைக் கிள்ளிக் கிள்ளி, நாரில் வைத்துக் கட்டினேன். கட்டி முடித்ததும் எங்கள் வீட்டு வழக்கப்படி இரண்டு கை விரல்களையும் இரண்டு கண்ணிலும் அழுத்தி ஒற்றிக்கொண்டேன். துளசி கட்டினால் அம்மா அப்படித்தான் செய்வார். சாமிக்குத் தொண்டு செய்த கை அல்லவா.

மதினி சிரித்தார். "மாலைய இன்னும் சாமிக்கே போடல. அதுக்குள்ள இவ ஒத்திக்கிடுதா."

அதற்குப் பிறகு எனக்கு அந்த மாலை ஞாபகமே வரவில்லை. எனக்கு ஞாபகம் வந்தது மை.

மதினி வீட்டிலேயே மை செய்வார். விளக்குப் புகையைத் தாம்பாளத்தில் பிடித்து விளக்கெண்ணெயில் குழைப்பார். நான் வந்த வாரத்தில் ஒரு சின்ன டப்பா நிறையக் கொடுத்து, "கடை மை இடாத. கண்ணு கெட்டுப் போகும்" என்றார். அன்றிலிருந்து தினமும் அதைத்தான் இட்டுவந்தேன். தம்பியைத் தவிர வேறு நாதியில்லாத ஒருவர், அந்தத் தம்பியைப் பங்கு போட வந்தவளுக்கு ஏன் இவ்வளவு அக்கறையாக மை குழைக்க வேண்டும்? அன்று ராத்திரி படுத்தபோது இந்தக் கேள்வி வந்தது. அப்புறம் போகவே இல்லை.

மூன்றாம் நாள் மதினி என்னை டாக்டரிடம் கூட்டிப்போனார். அதற்குள் பாப்பா பாதிக்கு மேல் சுருங்கிவிட்டிருந்தது. கிட்டத்தில் பார்த்தால்தான் மங்கல். டாக்டர் அறைக்கு ஒரு பச்சைத் திரை தொங்கியது. எங்கள் முறை வந்ததும் மதினி என்னை பெஞ்சிலேயே உட்காரச் சொன்னார்.

"நீ செத்த இங்கன இரு. நான் போய்ச் சொல்லிட்டு வாரேன்."

என் கண்ணைப் பற்றி நான் இல்லாமல் என்ன சொல்ல இருக்கிறது? உள்ளே பேச்சு நடந்தது. டாக்டர் சிரிப்பதும் கேட்டது. பிறகுதான் என்னைக் கூப்பிட்டார்கள்.

டாக்டர் டார்ச் அடிக்கவில்லை. இமையைத் தூக்கினார், விட்டார். மூன்று விரலைக் காட்டி எத்தனை என்று கேட்டார். சொன்னேன்.

"தெரியுதுல்ல?"

"தூரத்துல தெரியுது சார். கிட்டத்துலதான்..."

"கிட்டத்துல என்ன பாக்கப் போற? பரீட்சைக்குப் படிக்கியா?"

ஊசி என்று சொல்ல நினைத்தேன். அதற்குள் அவர் பேனாவை எடுத்துவிட்டார். எனக்கு எப்போதும் அப்படித்தான். வெளியே வந்த பிறகுதான் பதில்கள் வரிசையாக வரும். அவர் என்னை விட்டுவிட்டு மதினியிடம் பேசினார்.

"ஒண்ணுமில்லம்மா. புதுப் பொண்ணுகளுக்கு இப்படி ஏதாவது வரும். ஒருத்திக்குத் தலைவலி, ஒருத்திக்கு மயக்கம், இதுக்குக் கண்ணு. அம்மா வீட்டு நெனப்பு. சும்மா உக்கார விடாதீங்க, வேலையக் குடுங்க. தன்னால சரியாப் போகும்."

ஒரு ஊசி போட்டு, சிவப்பு டானிக் எழுதிக் கொடுத்தார்.

வீட்டுக்கு வந்ததும் மதினி தம்பியிடம் சொன்னது இது: "டாக்டரே சொல்லிட்டாரு. நடிப்பாம்."

என் காதுபட அந்தச் சொல்லை டாக்டர் சொல்லவில்லை. திரைக்கு அந்தப் பக்கம் சொன்னாரா, இவராகச் சேர்த்துக்கொண்டாரா? எதுவாக இருந்தாலும் அந்தச் சொல் வீட்டுக்குள் வந்து உட்கார்ந்துகொண்டது. நான் மெதுவாக எழுந்தால் நடிப்பு, சீக்கிரம் எழுந்தால் "இப்ப மட்டும் கண்ணு தெரியுதோ?".

ஆனால் மதினிக்குச் சாமி பயம் உண்டு. "நடிப்போ நெசமோ, நான் சிவனுக்கு நேந்துக்கிட்டேன்" என்றார். "கண்ணு தெளியுற வரைக்கும் ஒவ்வொரு பிரதோஷத்துக்கும் அவ கையாலயே ஊமத்தம்பூ மாலை கட்டிப் போடணும்."

அடுத்த பிரதோஷம் வருவதற்குள் கண் முழுக்கச் சரியாகிவிட்டது. ஆனாலும் நேர்ந்தாயிற்றே. பயபக்தியோடு உட்கார்ந்து முன்னதைவிடப் பெரிய மாலையாகக் கட்டினேன். கண் நல்லபடியாக இருக்க வேண்டும் என்று வேண்டிக்கொண்டு, விரல்களைக் கண்ணில் நன்றாக அழுத்தி ஒற்றிக்கொண்டேன். விளக்கு வைக்கும் நேரத்தில் வலது கண் மறுபடி போய்விட்டது.

அதற்குப் பிறகு நான் மதினியின் மையைத் தொடவில்லை. கடையில் ஒரு மை டப்பா வாங்கி, அவர் கொடுத்த டப்பாவுக்குப் பின்னால் ஒளித்து வைத்து, அதைத்தான் இட்டேன். அவர் கண்டுபிடித்து இதிலும் எதையாவது கலந்துவிட்டால்? மூடியைச் சுற்றித் தையல் நூலைக் கட்டி, எனக்கு மட்டும் தெரிகிற மாதிரி முடிச்சுப் போட்டேன். அதற்கு அடுத்த பிரதோஷமும் வந்தது. முடிச்சு அப்படியே இருந்தது. கண் போயிருந்தது. மை இல்லையென்றால் சாப்பாடு என்று நினைத்தேன். அன்றிலிருந்து மதினி ஒரு வாய் வைத்த பிறகுதான் நான் தட்டில் கை வைப்பேன்.

அவரும் சும்மா இருக்கவில்லை. பிரதோஷத்தன்று சாயங்காலமும் சாதாரண நாளிலும் என்னிடம் அரிசியைக் கொடுத்துக் கல் பொறுக்கச் சொல்வார். நான் பொறுக்கி முடித்ததும் முறத்தை வாங்கித் தானும் ஒருமுறை பார்ப்பார். சாதாரண நாளில் ஒரு கல்கூட இருக்காது. பிரதோஷத்தன்று நாலைந்து கிடக்கும். அவற்றை உள்ளங்கையில் வைத்து என் முகத்துக்கு நேரே நீட்டுவார்.

ஒரு பிரதோஷத்துக்கு நான் வீட்டுக்கு விலக்காகிவிட்டேன். பூவைத் தொடக் கூடாது. மதினியே மாலை கட்டினார். அன்று சாயங்காலம் என் கண்ணுக்கு ஒன்றும் வரவில்லை.

"மாலை கட்ட வேண்டாம்னா கண்ணு நல்லா இருக்கு. கட்டணும்னா கண்ணு போயிருது. நல்லாருக்குட்டி ஒன் கத" என்றார் மதினி.

இப்போது நினைத்தால், விஷயத்தைக் கையால் தொடுகிற தூரத்தில் அவர் நின்றிருக்கிறார். ஆனால் அவர் அதை என் சோம்பேறித்தனம் என்று எடுத்துக்கொண்டார். நான் எப்படி எடுத்துக்கொண்டேன் தெரியுமா? இன்றைக்கு இவர் கை மாலையில் இருந்ததால் என் சாப்பாட்டுப் பக்கம் போக நேரமில்லை என்று.

ஆடி பிறந்தது. முதல் ஆடிக்கு அம்மா வந்து என்னை அழைத்துப் போனார். ஸ்ரீவில்லிபுத்தூரில் தேருக்கு ஊரே கூடிக்கொண்டிருந்தது. நான் அம்மாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அம்மாவிடம் மட்டும் எனக்குப் பேச்சு வரும். அவர் கேட்டுவிட்டுச் சன்னமான குரலில் சொன்னார்.

"அந்த வீட்டுல என்னமோ இருக்கு. ஆடி முடிஞ்சாலும் அனுப்பப் போறதில்ல. கண்ணு போனா யாரு குடுப்பா? மாப்பிள்ள வந்து கேக்கட்டும், பேசிக்கிடுதேன்."

எனக்கு நிம்மதியாகவும் இருந்தது, வருத்தமாகவும் இருந்தது. என் வீட்டுக்காரர் மேல் எனக்கு ஒரு குறையும் இல்லை. அக்காவை எதிர்த்துப் பேசமாட்டார் என்பதைத் தவிர.

பிரதோஷத்தன்று மத்தியானம் அவரே வந்து நின்றார். கையில் ஒரு மஞ்சள் பை.

"வாங்க மாப்பிள்ள" என்றார் அம்மா. குரலில் சிரிப்பு இல்லை.

"இருக்க நேரமில்ல அத்த. அக்கா பூவு குடுத்து விட்டுச்சு. நேர்ச்ச விட்டுப் போகக் கூடாதாம். இவ கட்டிக் குடுத்தா அடுத்த பஸ்ஸப் பிடிச்சுப் பூசைக்குள்ள போயிருவேன்."

பையில் நிறைய ஊமத்தம்பூ. தேர்க்கூட்ட பஸ்ஸில் நசுங்கிப் பாதிக் காம்பு ஒடிந்து ஈரமாக இருந்தது. அம்மா பையை அந்த வீட்டிலிருந்து வந்த பாம்பைப் பார்ப்பது போலப் பார்த்தார். ஆனால் பஸ்ஸுக்கு நேரமாகிறதே. "எந்தச் சாமியா இருந்தா என்ன" என்று எனக்கு எதிரே உட்கார்ந்து, பாதியை அவர் இழுத்துக்கொண்டார். இரண்டு பேரும் கட்டினோம். முடித்ததும் இரண்டு பேரும் விரல்களைக் கண்ணில் ஒற்றிக்கொண்டோம். வீட்டுக்காரர் மாலையை வாங்கிக்கொண்டு ஓடினார்.

சாயங்காலம் நான் கண்ணாடியை மடியில் வைத்துக்கொண்டு காத்திருந்தேன். மதினியின் மை இல்லை, மதினியின் சோறு இல்லை. அம்மா கையால் சாப்பிட்டுவிட்டு அம்மா வீட்டில் இருக்கிறேன். இன்றைக்கு வரக்கூடாது. ஆனால் வந்தது. நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே பாப்பா விரிந்தது.

"அம்மா, வந்துருச்சும்மா."

"பாத்தியா! அந்த வீட்டுப் பை வாசப்படி ஏறுன ஒடனே..." என்று ஆரம்பித்த அம்மா, கையில் இருந்த ரவிக்கையைத் தூர நீட்டிப் பார்த்தார். பிறகு கிட்டக் கொண்டுவந்தார். "ஏட்டி, இந்த பல்பு ஏன் இப்படிக் கூசுது?"

"கூசலையேம்மா."

"எனக்கு நூலு ரெண்டாத் தெரியுது."

நான் அம்மாவின் தாடையைப் பிடித்துத் திருப்பினேன். மதினி என்னைப் பிடித்துத் திருப்பிய மாதிரியே. அம்மாவின் வலது கண்ணில் அதே சுண்டைக்காய்.

கண்ணாடிக்கு முன்னால் இரண்டு பேரும் கன்னத்தோடு கன்னம் வைத்து நின்றோம். இரண்டு வலது கண்ணும் ஒன்றுபோல விரிந்து எங்களைப் பார்த்தன. அம்மாவுக்குத்தான் முதலில் சிரிப்பு வந்தது. பயத்தில் வந்த சிரிப்பு.

"நான் அந்தம்மா மையக் கண்ணால பாத்தது கூட இல்லையே" என்றார்.

பிறகு இரண்டு பேரும் எங்கள் கைகளைப் பார்த்தோம். வலது கை நகக்கண்களில் பச்சைக் கறை காய்ந்திருந்தது. இடது கை நகங்களில் ஒன்றுமில்லை. ஊமத்தங்காயைத் தின்றால் பைத்தியம் பிடிக்கும் என்று எல்லோருக்கும் தெரியும். பூவைக் கிள்ளிய கையைக் கண்ணில் ஒற்றலாமா என்று யாரும் யாரையும் கேட்டதில்லை. அந்தப் பூவைக் கட்டுகிறவர்களுக்கு ஒற்றும் பழக்கமில்லை. ஒற்றும் பழக்கமுள்ள நாங்கள் அந்தப் பூவைக் கட்டியதில்லை.

சில நாட்களில் அம்மாவுக்கும் எனக்கும் சேர்ந்தே சரியானது. ஆடி முடிந்ததும் அம்மா என்னை அனுப்பிவைத்தார்.

மதினியிடம் சொல்லும் தைரியம் எனக்கு இல்லை. வீட்டுக்காரரிடம் சொன்னேன். அவர் போய்ச் சொன்னார். அடுப்படியில் பாத்திரம் வைக்கிற சத்தம் பெரிதாகக் கேட்டது.

"சாமிக்குப் போடுத பூவு மேலயே பழி போடுதாளா? எம்புட்டு வருசமா நான் கட்டுதேன். எனக்கு வரலையே?"

நான் கதவோரம் நின்றிருந்தேன். "நீங்க கண்ணுல ஒத்திக்கிட மாட்டீகளே மதினி" என்றேன். அந்த வீட்டில் நான் அவருக்குச் சொன்ன முதல் எதிர்ப்பேச்சு அதுதான்.

"ஒத்திக்கிட்டா வந்துருமோ? வரட்டும் பிரதோசம். நான் ஒத்திக்கிடுதேன். வரலன்னா நீ பெட்டியக் கட்டு."

சொன்னபடி செய்தார். மாலை கட்டி முடித்து, காம்பு கிள்ளிய ஈர விரலை வலது கண்ணில் வைத்து அழுத்தினார். இடது கண்ணால் என்னையே பார்த்துக்கொண்டு அழுத்தினார். என் வாழ்க்கை அந்த விரல் நுனியில் நின்றது. அம்மாவுக்கு வந்தது வேறு எதனாலாவது இருந்தால்?

சாயங்காலம் யாரும் கேட்காமலே அவர் முறத்தில் அரிசியைக் கொட்டிக்கொண்டு உட்கார்ந்தார். கல் பொறுக்கினார். முறத்தை ஜன்னல் பக்கம் சாய்த்தார். எழுந்து வாசலுக்குப் போனார். "வெளிச்சம் பத்தல" என்றார். வெளியே நல்ல வெளிச்சம் இருந்தது. முறத்தை என் பக்கம் தள்ளிவிட்டுப் போய்ப் படுத்துக்கொண்டார். நான் பார்த்தேன். கல் கிடந்தது.

காலையில், "கெளம்பு. டாக்டர்ட்டப் போவோம்" என்றார். இந்தத் தடவை என்னை பெஞ்சில் உட்கார வைக்கவில்லை. கூடவே உள்ளே கூட்டிப்போனார். டாக்டர் எழுதிக்கொண்டே கேட்டார்.

"என்னம்மா, வயசென்ன?"

"நாப்பத்தி ரெண்டு. வலது கண்ணு மங்குது சார். வெளிச்சம் கூசுது."

"வெள்ளெழுத்து. கண்ணாடி போடுங்க."

"ஒத்தக் கண்ணுக்கு மட்டுமா சார் வெள்ளெழுத்து வரும்?"

"மொதல்ல ஒண்ணுல வரும். பொறவு இன்னொண்ணுல வரும்."

"நிமுந்து பாருங்க சார். ஊமத்தம்பூ கட்டுன கை பட்டு வந்துருக்கு."

நிமிர்ந்தார். ஆனால் மதினியின் கண்ணைப் பார்க்கவில்லை. என்னைப் பார்த்தார்.

"பூவா? இந்தப் பிள்ள சொல்லுச்சா? அதான் அன்னைக்கே சொன்னேனே, வேலையக் குடுங்கன்னு. இப்ப ஒங்களுக்கும் ஒட்டிக்கிச்சா?" சிரித்துக்கொண்டே மேஜை மணியை அழுத்தினார். அடுத்த ஆள் திரையைத் தள்ளிக்கொண்டு வந்துவிட்டார்.

வெளியே சுள்ளென்று வெயில். மதினி முந்தானையால் வலது கண்ணை மறைத்துக்கொண்டு ஓரமாக நின்றார். முகம் சிவந்திருந்தது.

"அன்னைக்கும் ஒன்னைய இப்படித்தான் பேசுனானா?"

"அன்னைக்கு நீங்களும் பக்கத்துலதான இருந்தீக மதினி."

மதினி ரோட்டைப் பார்த்துக்கொண்டே சொன்னார். "எம் மை டப்பாவுக்குப் பின்னால கடை மை வச்சிருக்க. மூடியில நூலு கட்டி."

"பாத்தீகளா?"

"அன்னைக்கே பாத்துட்டேன்."

"ஏன் கேக்கல?"

"நீ ஏன் சொல்லல?"

ரோட்டில் ஒரு லாரி போனது. பின்னால் பஸ் வந்துகொண்டிருந்தது. எப்போதும் எனக்கு நாலடி முன்னால் நடக்கிறவர், அன்று கையை என் பக்கம் நீட்டினார்.

"பிடி. கூசுது. ஒண்ணும் தெரியல."

பிடித்துக்கொண்டு ரோட்டைக் கடந்தோம்.

மதினி மாலையை நிறுத்தவில்லை. கண் தெளிந்து நேர்ச்சை தீர்ந்தாலும் அந்த வீட்டுப் பிரதோஷத்துக்கு அந்த மாலைதான். தொண்ணூறுகளில் என் பிள்ளைகள் பள்ளிக்கூடம் போகிற காலத்திலும் நானும் அவரும் எதிரெதிரே உட்கார்ந்துதான் கட்டுவோம். முடித்ததும் அவர் சீயக்காயும் செம்புத் தண்ணீருமாக வந்து என் கையில் ஊற்றுவார். நான் நகக்கண் வரை தேய்க்கிறேனா என்று குனிந்து பார்ப்பார். அந்தப் பார்வை எனக்குக் கடைசிவரை பிடிக்கவில்லை. பிறகு செம்பை நான் வாங்குவேன். அவர் கையைக் கழுவி முடிக்கிறவரை நானும் கண்ணை எடுக்க மாட்டேன். முதல் தடவை பச்சைத் திரைக்குப் பின்னால் என்ன பேசினார் என்று மட்டும் நான் அவரிடம் கேட்கவே இல்லை. அவராகவும் சொல்லவில்லை.